பதினோராம் தொகுதியில் நடந்தது

ஸரேச்யே,
14 அக்டோபர் 2021

மதிப்பிற்குரிய எவெலினா மார்க்கவ்னா அவர்களுக்கு,

பள்ளிக்கூடத்து நினெல் வணக்கத்துடன் எழுதுவது. அல்மாத்தியில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மகள் வீடு ஐந்தாவது மாடி என்றீர்களே, லிஃப்ட் ஓடுகிறதா? இங்கே மூன்று நாளாக ஈரப்பனி. உருளைக்கிழங்கைத் தோண்டி நிலவறையில் போட்டுவிட்டேன். முட்டைக்கோஸ் பாக்கி.

உங்கள் எண்ணை இரண்டு முறை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் திறந்த பிரசவ விடுதியைப் போன வசந்தத்தில் மூடிவிட்டார்கள். கட்டில்களை லாரியில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். "வருஷத்துக்குப் பதினாலு குழந்தைதான் பொறக்குது, அதுக்கு ஒரு டாக்டரா?" என்று மேலிடத்து ஆள் கேட்டார். இதை உங்களுக்குத் தெரிவிக்க ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை.

தொண்ணூற்று நான்கில் நம் தொகுதிக்கு நடந்த முதல் தேர்தலை நினைத்துக்கொள்கிறேன். அப்போது ஆற்றின் இக்கரை முழுவதும் ஒரே தொகுதி. வெள்ளைக் கோட்டோடு டிராக்டரில் ஏறி ஊர் ஊராகப் போனீர்கள். மர ஆலை மேலாளரை முப்பத்தேழு வாக்கில் வென்றீர்கள். அவர் மூன்று முறை எண்ணச் சொன்னார். மூன்று முறையும் முப்பத்தேழுதான் வந்தது. "சரி டாக்டரம்மா, சட்டசபைக்குப் போறீங்க, என் முதுகுவலிக்கும் ஒரு சட்டம் போட்டுட்டு வாங்க" என்று தொப்பியைக் கழற்றினார். இரண்டாயிரத்து இரண்டில் அவரிடம் தோற்றபோது நீங்களும் முட்டைக்கோஸ் அடை சுட்டு எடுத்துக்கொண்டு போய் வாழ்த்தினீர்கள். அப்போது தோற்றவர்களும் ராத்திரி நன்றாகத் தூங்கினார்கள்.

2006 முதல் பத்து வருடம் தொகுதி என்ற ஒன்றே இல்லை, ஆளுக்கு இல்லாமல் கட்சிப் பட்டியலுக்கு மட்டும்தான் ஓட்டு. நம் உறுப்பினர் யார் என்று வகுப்பில் கேட்டால் எனக்கே பதில் தெரியாது. 2016-இல் தொகுதி திரும்பி வந்தது. எண் அதே பதினொன்று. ஆனால் வரைபடத்தில் நம்மைப் பிய்த்து அக்கரை நகரத்தோடு ஒட்டிவிட்டார்கள். நாம் மூவாயிரம் பேர், அவர்கள் இருபத்தெட்டாயிரம். மணல் குவாரி முதலாளி ஜெயித்தார். ஐந்து வருடத்தில் ஒரு முறை வந்தார், அதுவும் மீன் பிடிக்க.

இந்த முறை ஆம்புலன்ஸ் ஓட்டும் தெம்யான் நின்றான். நினைவிருக்கிறதா, தொண்ணூற்றாறு பிப்ரவரியில் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிப் பிறந்தானே, அவனேதான். பிரசவ விடுதி திரும்ப வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. அவன் எண்ணை எல்லாரும் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள், நகரத்திலும். மூன்று நாள் வாக்குப்பதிவு முடிந்து எங்கள் சாவடியில் எண்ணியபோது தெம்யானுக்கு 380, குவாரிக்காரருக்கு 112. சாவடிக் குழுத் தலைவரான நானும் மற்ற நான்கு பேரும் முடிவறிக்கையில் கையெழுத்திட்டோம்.

மறுநாள் காலை மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து அல்லா கவ்ரீலவ்னா கூப்பிட்டு அனுப்பினார். வேறொரு அறிக்கை மேசைமேல் இருந்தது. இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. "இருபத்தேழு வருஷமா தலைவரா இருக்கீங்க, நினெல் சவேல்யெவ்னா. உங்களுக்கு நான் சொல்லணுமா? உங்க பள்ளிக்கூடத்துல பசங்க நாப்பத்தொண்ணுதானே?" என்றார். பிரசவ விடுதியையும் எண்ணிக்கை சொல்லித்தான் மூடினார்கள். பிறகு தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஏன் குடித்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

மாலையில் இணையத்தில் பார்த்தால் அந்த எண்கள்தான். கீழே என் பெயருக்கு நேராக என் கையெழுத்துப் போலவே ஒன்று. தெம்யான் தொகுதி முழுவதிலும் அறுபத்தொரு வாக்கில் தோற்றிருந்தான். என்னிடம் இருந்த உண்மையான நகலை அவனிடம் கொடுத்தேன். நீதிமன்றம் போனோம். நீதிபதி நகலைப் பார்த்துவிட்டு, முத்திரை தெளிவாக இல்லை என்றார். அடுத்து எங்கள் குழுவின் நான்கு பேரும் ஒவ்வொருவராக எழுந்து, "நினெல் சவேல்யெவ்னா எங்க முன்னாடிதான் கையெழுத்துப் போட்டாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். நால்வரும் அந்தப் பள்ளிக்கூடச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள்.

நான்கு பேர் சொன்னதை ஊர் நம்பிவிட்டது. ரொட்டிக் கடை வரிசையில் தெம்யானின் அம்மா அந்தனீனா எல்லார் முன்னிலையிலும் கேட்டாள்: "கணக்கு டீச்சர், எங்க பையனோட ஓட்டைக் கழிச்சீங்களா, வகுத்தீங்களா?" சிலர் சிரித்தார்கள். ரொட்டி வாங்காமல் திரும்பினேன். தெம்யானை வழியில் நிறுத்தி, "நீயாவது என்னை நம்புறியாப்பா?" என்று கேட்டேன். "தெரியல நினெல் சவேல்யெவ்னா. நம்பணும்னு ஆசையாத்தான் இருக்கு" என்றான். அந்த வாரமே அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் இப்போது அக்கரையில் நிற்கிறது.

இதையெல்லாம் எழுதியது நீங்கள் ஏதாவது செய்வீர்கள் என்றல்ல. செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு உதவி கேட்கிறேன்.

தெம்யானின் மனைவி கிளாஃபிராவுக்கு நவம்பர் கடைசியில் பிரசவ நாள். அதே நவம்பர் இருபத்தெட்டாம் தேதி மிதவைப் பாலத்தை எடுத்துவிடுவார்கள். ஆறு உறைந்து வண்டி போக டிசம்பர் பாதி ஆகும். இடையில் படகும் ஓடாது. நகர மருத்துவமனையில், வலி வந்த பிறகு வந்தால் போதும், கொரோனாவில் கட்டில் இல்லை என்கிறார்கள். அக்கரையில் தங்க அவர்களுக்கு உறவு இல்லை. பழைய மருத்துவச்சி செத்து இரண்டு வருடமாகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்புங்கள். எதைக் கொதிக்க வைப்பது, கொடியை எங்கே கட்டுவது, ரத்தம் நிற்காவிட்டால் என்ன, தலைக்குப் பதில் கால் வந்தால் என்ன. பெரிய எழுத்தில், முடிந்தால் படம் போட்டு. கடிதத்தை அந்தனீனா பெயருக்கே அனுப்புங்கள். நான் கேட்டேன் என்று எழுத வேண்டாம். தெரிந்தால் கிழித்துப் போட்டுவிடுவாள். நீங்களாக எழுதியதுபோல இருக்கட்டும். உங்களை இந்த ஊர் இன்னும் நம்புகிறது.

கடவுள் உங்கள் கைகளுக்குத் தெம்பைக் கொடுக்கட்டும். தபால் போக மூன்று வாரம், வர மூன்று வாரம் எடுக்கிறது. தயவுசெய்து இன்றைக்கே எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
நினெல்