ஏழு ஒன்றுகள்

ஜூலை 12, 1953, ஞாயிறு

சிவகிரியிலிருந்து மாமா மகன் ஆவுடையப்பன் அத்தான் வந்தார். எனக்கும் அவருக்கும் தையில் கல்யாணம் என்று அம்மா முடிவே செய்துவிட்டாள். முதலில் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிக் எழுதுகிறேன் என்கிறேன். யார் கேட்கிறார்கள்?

அத்தானிடம் பெருமையடித்தேன்: 11111 என்பது 41 பெருக்கல் 271, நானே உடைத்தேன் என்று. அவர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு ஒன்று சேர்த்தார். 1111111.

"இத ஒடைட்டி பாப்போம். ஆடித்தபசுக்குள்ள ஒடைச்சிட்டேன்னா நீ பரீட்சை எழுதுத வரைக்கும் காத்துக்கெடக்கேன். ஒடையலன்னா தையில தாலி."

"பேச்சு மாறக்கூடாது அத்தான்!"

பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று! எப்பேர்ப்பட்ட அழகு!

ஜூலை 14

பகா எண்களாக 1054 வரை பார்த்தால் போதும்; 1054-ஐ அதாலேயே பெருக்கினால் கிட்டத்தட்ட இந்த எண் வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒன்று வகுத்தால் அதன் ஜோடி கீழேதான் இருந்தாகவேண்டும். 3, 7, 11, 13 — ஊகூம்.

ஜூலை 18

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கோயிலில் கொடி ஏறிவிட்டது. அம்மாவோடு ஆடிச்சுற்று சுற்றினேன், நூற்றெட்டு. சுற்றுக்கு ஒரு பகா எண்ணாக மனதுக்குள்ளேயே வகுத்துக்கொண்டு போனேன். மீதியை விரல் மடக்கி வைத்துக்கொண்டேன்.

"ஏட்டி பூமாரி, அம்மன் பேரச் சொல்லாம என்னத்த முணுமுணுக்கே?"

"எல்லாம் வேண்டுதல்தாம்மா."

ஜூலை 22

1054 வந்துவிட்டது. ஒன்றுமே வகுக்கவில்லை. அவ்வளவுதானா? தையில தாலியா? அழுதேன். அந்த எண் மேல கோவம்கூட வர மாட்டேங்கு.

ஜூலை 24

பழைய 41, 271 இரண்டையும் வெறித்துக்கொண்டிருந்தேன். ஐந்தால் வகுத்தால் இரண்டிலும் மீதி ஒன்று! ஐந்து ஒன்றுகள், ஐந்து! அப்படியானால் ஏழு ஒன்றுகளுக்கு, ஏழால் வகுத்து மீதி ஒன்று வருகிற எண்களை மட்டும் திரும்பப் பார்த்தால் என்ன?

29 இல்லை. 43 இல்லை. 71, 113, 127, 197, 211 — இல்லை, இல்லை. 239 —

மீதி இல்லை. மீதியே இல்லை! 239 பெருக்கல் 4649!

இதை அன்றைக்குச் சுற்றும்போதே பார்த்தேனே? பார்த்தேன்தான். பாதி வகுக்கும்போது கோயில் பாம்புப் புற்று வந்தது, கும்பிட்டேன். கைகூப்பினால் மடக்கிய விரல் நிமிராமல் என்ன செய்யும்? அதோடு மீதி தப்பாகிப்போனது!

"அம்மா, ஒடஞ்சிட்டு!" என்று கத்தினேன்.

"எந்தப் பானைட்டி?" என்று ஓடி வந்தாள்.

ஜூலை 26

தபசு. ஊரெல்லாம் ஜனம். அத்தான் வந்ததும் இரண்டு எண்ணையும் நீட்டினேன். உட்கார்ந்து பெருக்கினார். நம்பாமல் இன்னொரு தடவை பெருக்கினார்.

"ஏயப்பா! ஏழும் ஒண்ணாத்தான் வருது."

"வெளையாட்டுக்குச் சொன்னதப் போயி…" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"இல்ல அத்தை. சொன்னது சொன்னதுதான். இவ எழுதட்டும்."

ஜெயித்துவிட்டேன்! ஜெயிச்சிட்டேன்!!

ஆகஸ்ட் 9

அத்தான் அல்ஜீப்ரா புத்தகம் வாங்கி வந்தார். இரண்டு பிரதி. எதற்கு இரண்டு என்றேன்.

"ஒண்ணு எனக்கு. அடுத்த தடவ உங்கிட்ட பந்தயம் கட்டணும்னா படிச்சிட்டுல்லா வரணும்?"

கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த மஞ்சளில் கொஞ்சத்தை அம்மா இன்றைக்குக் குழம்புக்கு அரைத்துவிட்டாள்.