அந்தத் தகட்டில் நாம் பார்த்தது

நேற்று பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். இருட்டறைக் கதவு திறந்ததும் படம் கழுவும் ஹைப்போ கரைசலின் வாடை வந்தது. அங்கே உட்கார முடியவில்லை. படம் எடுக்காமலே திரும்பி வந்து உனக்கு எழுதுகிறேன்.

சென்னை ஆய்வகத்திலிருந்து அந்த வாடையோடுதான் நாம் இருவரும் பஸ்ஸில் ஊர் திரும்புவோம். நீ பிள்ளையார்பாளையத்துக்கு நடப்பாய், நான் சின்ன காஞ்சிபுரத்துக்கு.

வேதிவினைகளை வேகப்படுத்தும் மாலிப்டினம் ஆக்சைடு தூளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுப்பது உன் ஆய்வு. ஒரு நாள் படம் பதிந்த, ஈரம் காயாத கண்ணாடித் தகட்டை விளக்குக்கு நேரே பிடித்து, "இங்க பாருடி, அணு வரிசை இந்த எடத்துல மட்டும் விலகி இருக்குது. வினையே இங்கதான் நடக்குதோ இன்னாவோ" என்றாய். நானும் பார்த்தேன். பக்கத்துத் துகளில் வரிசைகள் நேராகவே இருந்தன.

ஆய்வுக் கூட்டத்தில் நம் பேராசிரியர், "கருவி ஆடியிருக்கும். இதைத் தள்ளிடும்மா" என்றார். ஆடியிருந்தால் பக்கத்துத் துகளும் கலைந்திருக்குமே என்று நீ சொன்னாய். நீயும் பார்த்தாயா என்று அவர் என்னைக் கேட்டார். என் ஆய்வேடு அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"சரியா கவனிக்கல சார்" என்றேன்.

பஸ்ஸில் நீ ஒன்றுதான் கேட்டாய்: "கூடத்தான உக்காந்துக்கினு இருந்த, ஏன்டி?"

அதன்பின் ஆறு மாதம் தனியாகவே படமெடுத்தாய். ஒவ்வொரு மாதிரியிலும் அந்த விலகல் இருந்தது. அதைக் கட்டுரையாக எழுதி முடிப்பதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

காரியம் முடிந்த மறுநாள் உன் தகடுகளைப் பேராசிரியர் முன் வைத்தேன். "அன்னைக்கு நான் பொய் சொன்னேன் சார்." அவர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். "கட்டுரையில அவ பேர் மட்டும் இருக்கட்டும்" என்றார், தலை நிமிராமல்.

மீதியை நான் எழுதி முடித்தேன்; அச்சானதும் உன் அப்பாவிடம் கொண்டுபோனேன். தறியை விட்டு எழுந்து வந்தார். உன் பெயர் இருந்த இடத்தைக் காட்டினேன், விரலால் தொட்டார்.

"எம்பொண்ணு சொன்னது மெய்தானாம்மா?"

"மெய்தான்பா."

"நீ கூடவே இருந்தியாமே. அப்பவே சொன்னியா?"

"இல்லப்பா."

அவர் திட்டவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடிக்க வெகுநேரம் ஆயிற்று எனக்கு.

இப்போது நானும் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கூட்டத்தில் ஒருத்தி தான் கண்டதைச் சொல்லிவிட்டுத் தனியாக நிற்கும்போது, நான் பார்த்ததை எழுந்து சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் குரல் நடுங்குகிறது. அந்த நடுக்கம் என்னை விட்டுப் போகவே வேண்டாம்.