நான் தட்டவில்லை

ஜூலை 4, 1987. சனி

முதலில் கண்ணில் பட்டது அவருடைய காதுதான். இடது காது மடிந்து வீங்கி, அவித்த சேப்பங்கிழங்கை ஒட்டவைத்ததுபோல் இருந்தது. பார்க்கக்கூடாது என்று குனிந்து பெருக்கினேன். மறுபடியும் பார்த்தேன்.

புது ஜூடோ மாஸ்டர். பெயர் செல்வராஜ். பட்டாளத்தில் இருந்தவராம். இனிமேல் சனிக்கிழமைதோறும் சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி வந்து ஹாஸ்டல் பிள்ளைகள் ஒன்பது பேருக்குக் கற்றுக்கொடுப்பார். ஹாலைப் பெருக்கி மெத்தை போடுவது என் வேலை. மெத்தை என்றால், சாக்குக்குள் காப்பித் தோலைத் திணித்து நானும் ஹாஸ்டல் பொறுப்பிலிருக்கும் மரியபுஷ்பம் சிஸ்டரும் ஒரு வாரம் உட்கார்ந்து தைத்தது. மேலே தார்ப்பாய்.

ஒரு பிள்ளை காதைப் பற்றிக் கேட்டேவிட்டது. "தரையில தேஞ்சு தேஞ்சு இப்படி ஆயிருச்சு. உங்களுக்கு ஆகாது, பயப்படாதீங்க" என்று சிரித்தார். பிறகு கதை சொன்னார். நான் துடைப்பத்தோடு கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

ஜப்பானில் வாள் வைத்திருந்த சண்டைக்காரர்கள் இருந்தார்களாம். வாள் கைநழுவினால் வெறுங்கையால் ஆளை முடிக்க ஒரு வித்தை வைத்திருந்தார்களாம். பிறகு அரசாங்கம் மாறி, வாள் வைக்கக்கூடாது என்று சட்டம் வந்ததும் அந்த வித்தையை யாரும் சீண்டவில்லை. குள்ளமான ஒரு காலேஜ் பையன், கூடப் படிக்கிறவர்களிடம் அடி வாங்கி அலுத்துப்போய், அதைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டான். அவனே பின்னால் வாத்தியாராகி, ஒரு கோயிலில் பன்னிரண்டு வைக்கோல் பாய் போட்டு இந்த ஜூடோவைத் தொடங்கினானாம். நூற்றைந்து வருடம் ஆகிறதாம்.

கொல்லுவதற்கென்று இருந்ததை விளையாட்டாக்க முடியுமா? எனக்கு அந்த மெத்தையைப் பார்க்கவே பயமாக இருந்தது. நானே தைத்த மெத்தை.

ஜூலை 7. செவ்வாய்

இன்று யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை. நல்ல நாள்.

ஜூலை 11. சனி

எழுதக் கை வரவில்லை. தோளெல்லாம் வலி.

ஹாஸ்டல் பிள்ளைகளில் பெரியவள் ஜெயகுமாரி அக்கா. அவளுக்கு ஜோடி இல்லை. மற்றவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி சேலத்தில் மாவட்டப் போட்டி. இங்கிருந்து அவள் ஒருத்திதான் போகிறாள். சார் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ எத்தன கிலோ?"

எனக்கு வாய் வரவில்லை.

"அவ பேச மாட்டா சார். ஊமச்சி" என்றாள் ஜெயகுமாரி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஏழாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதும் இப்படித்தான். நின்றேன், வாசிக்கவில்லை, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை.

அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். நான் நாற்பத்து மூன்று, அவள் நாற்பத்து நான்கு. "சிஸ்டர்கிட்ட கேக்கணுமே சார்" என்றது ஒரு பிள்ளை. "நான் சொல்லிக்கறேன்" என்றார். யாருடையதோ ஒரு பேண்டையும், சாரின் பழைய தடித்த சட்டையையும் மாட்டிவிட்டார்கள்.

ஜெயகுமாரி அக்கா தேவசிகாமணி ரைட்டரின் மகள். கொட்டச்சேட்டில் அவருடைய எஸ்டேட்டில்தான் அம்மா களையெடுக்கிறாள். அவருடைய எஸ்டேட் என்றால், அவர் கணக்கு எழுதுகிற எஸ்டேட். ஆனால் காலையில் பெயர் கூப்பிட்டு யாருக்கு இன்று வேலை, யாருக்கு இல்லை என்று சொல்வது அவர்தான். அந்த வீட்டுப் பெண்ணோடு நான் மல்லுக்கட்ட வேண்டும்.

விழுவதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். தாடையை நெஞ்சோடு சேர்த்து, கையால் தரையை ஓங்கி அறைந்து விழ வேண்டும். பதினான்கு தடவை விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 18. சனி

சட்டைக் காலரைப் பிடிக்க வேண்டும். என் விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

"புடிடீ! என் சட்ட என்ன அடுப்பா, சுடறதுக்கு? பல்லிகூடச் செவுத்த இதவிட நல்லாப் புடிக்கும்" என்று ஜெயகுமாரி அக்கா கத்தினாள். சாரும் "புடிம்மா, புடிச்சாத்தான் அவளுக்குப் பழக்கம்" என்றார். சொன்னதால் பிடித்தேன். அவளை ஒரு அடி நகர்த்தினேன்கூட. அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. உடனே என்னைத் தூக்கிப் போட்டாள்.

ஓய்வின்போது சார் மறுபடியும் பேசினார். பழைய வித்தையில் எலும்பை முறிப்பதும் கண்ணைக் குத்துவதும் இருந்ததாம். குள்ள வாத்தியார் அவற்றையெல்லாம் சண்டையிலிருந்து எடுத்துவிட்டார். பின்னால் வந்தவர்களும் கழித்துக்கொண்டே வந்தார்களாம். விரலை முறுக்குவது போயிற்று, காலை முறுக்குவது போயிற்று. கழுத்துப் பிடியும் முழங்கைப் பிடியும் மிஞ்சின.

"அத மட்டும் ஏன் சார் உட்டாங்க?" என்றாள் ஜெயகுமாரி அக்கா.

"அதுல தட்டறதுக்கு நேரம் இருக்குது. கீழ கெடக்கறவ எதிராளி மேல ரெண்டு தட்டுத் தட்டுனா, மேல இருக்கறவ அந்த நொடியே உட்ரணும். கொல்ற வித்தைய வெளையாட்டா மாத்துனது அதுதான். மத்ததெல்லாம் அப்புறம்."

ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு எப்போதோ வந்துவிட்டதாம். பெண்களுக்கு அடுத்த வருடம் கொரியாவில்தான், அதுவும் காட்சிக்கு மட்டும். "நீங்கள்லாம் சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார். நான் வரவில்லை. என்னை இழுத்துவந்தார்கள்.

ஜூலை 25. சனி

மழை. மரம் விழுந்து பஸ் மலை ஏறவில்லை, சார் வரவில்லை. சந்தோஷப்பட்டேன். பிறகு யாரும் இல்லாத ஹாலில் நானாகப் பதினொரு தடவை விழுந்து பார்த்தேன். ஏன்?

ஆகஸ்ட் 1. சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இல்லையென்றால் எனக்கே மாறிப்போகும்.

கழுத்துப் பிடி. ஜெயகுமாரி அக்கா என் மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் குறுக்காக விட்டு என் காலரைப் பிடித்து இறுக்கினாள். என் வலது கை அவள் முழங்காலுக்கு அடியில் சிக்கியிருந்தது. இடது கை வெளியே இருந்தது. அது எட்டும் இடத்தில் அவள் முதுகு மட்டும்தான் இருந்தது. சார் அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலிக்கவில்லை. காதுக்குள் அருவிச் சத்தம் கேட்டது. தட்டு, தட்டு என்று எனக்குள் கேட்கிறது. கையைத் தூக்கினேன். அவள் முதுகுக்கு மேலே கொண்டுபோனேன். அங்கேயே நின்றுவிட்டது. அவ்வளவுதான் தெரியும்.

கண் திறந்தபோது சார் என் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. என் பேண்ட் நனைந்திருந்தது. இதை இங்கேகூட எழுதியிருக்கக்கூடாது.

"ஜெயாக்கா உடவே மாட்டேன்னுட்டாங்க சார்!" என்று பிள்ளைகள் அழுதார்கள்.

"அவ தட்டவே இல்ல சார்! மாதா சத்தியமா தட்டல!" ஜெயகுமாரி அக்கா அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 2. ஞாயிறு

"இதென்ன கண்ணு கழுத்துல, கயித்துத் தடமாட்ட?"

துணி காயப்போடும் கயிற்றில் மாட்டிக்கொண்டேன் என்றேன். அம்மா எண்ணெய் தடவிவிட்டாள். பொய் சொல்ல மட்டும் வாய் வருகிறது.

ஆகஸ்ட் 3. திங்கள்

சிஸ்டர் கூப்பிட்டுவிட்டார். ஆபீஸ் அறையில் நானும் அவரும்தான்.

"நீ தட்டினியா, இல்லையா?"

தரையைப் பார்த்தேன்.

"தட்டியும் அவ விடலையா?"

தரையைப் பார்த்தேன். "பாவம், மிரண்டு போயிருக்கு" என்று தண்ணீர் கொடுத்தார். சொல்லாமலே ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் வாய் திறக்கவில்லை? பயம். அது மட்டும்தானா? ஊமச்சி என்றவள் மாட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு ஓரத்தில் இருந்தது. இருந்தது, எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 5. புதன்

ஜூடோவை நிறுத்திவிட்டார்கள். என்னை மெத்தையில் ஏற்றியதைச் சார் சிஸ்டரிடம் சொல்லவே இல்லையாம். ஜெயகுமாரி அக்காவுக்கு டி.சி. கொடுப்பதாகப் பேச்சு. அவள் அப்பாவைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறது. "வேலைக்காரப் பிள்ளையை மூர்ச்சையாக்கிவிட்டாள்" என்று மட்டும் கடிதத்தில் இருக்கிறதாம். என் பெயர் இல்லை.

ஆகஸ்ட் 6. வியாழன்

தார்ப்பாயை அலசிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஜெயகுமாரி அக்கா வந்தாள்.

"நீ தட்டல. ஒனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லுடி."

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"டி.சி. குடுத்தா எங்கப்பா வேற ஸ்கூல் பாக்க மாட்டாரு. படிச்சது போதும்னு ஊட்ல உக்கார வெச்சிருவாரு. ஒன்னமாதிரி."

ஒன்னமாதிரி. திட்டுவதற்காகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். அதுதான் அதிகம் குத்தியது.

"அந்தப் புள்ள நீதான்னு எங்கப்பாகிட்ட நான் இன்னும் சொல்லல" என்றாள். மிரட்டினாளா, காப்பாற்றுகிறாளா? போகும்போது மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 7. வெள்ளி

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மெத்தை தைத்த கதை, மல்லுக்கட்டிய கதை, எல்லாம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ரைட்டரு பொண்ணோட நீ கட்டி உருண்டியா? அடி சாமி! ஏன் கண்ணு, ஒனக்கு அங்க பெருக்கறதுக்குத்தான சம்பளம்?"

"சார் கூப்டாரும்மா."

"கூப்டா? அது எம் புள்ளதான்னு ரைட்டருக்குத் தெரிஞ்சா நாளைக்கே எம் பேர அடிச்சுப்போடுவாரு. எஸ்டேட்டுல குடுத்த லைன் ஊட்ட உட்டுட்டு எங்க போறது? வாயத் தொறக்காத. நீதான் தொறக்கவே மாட்டியே, இப்பயும் தொறக்காத."

நான் சொல்லாவிட்டால் அவள் படிப்பு போகும். சொன்னால் அம்மாவின் வேலை. எந்தப் பக்கம் விழுந்தாலும் தரைதான்.

இன்று முழுக்க யோசித்ததில் ஒன்று தெரிந்தது. காலரைப் பிடி என்றார்கள், பிடித்தேன். விழு என்றார்கள், விழுந்தேன். தட்டுவது மட்டும் எனக்காக நானே கேட்பது. ரைட்டர் வீட்டுப் பெண்ணை அடித்து, போதும் விடு என்று கேட்பதா? அதற்குத்தான் கை இறங்கவில்லை. சாகப்போகிறோம் என்று தெரிந்தும் இறங்கவில்லை. கழுத்துப் பிடியைவிட இதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8. சனி

பதினொரு மணிக்கு ரைட்டர் வந்தார். ஈரக் குடையை மடியிலேயே வைத்துக்கொண்டு சிஸ்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஜெயகுமாரி அக்கா சுவரோரம். பெட்டி கட்டியிருந்தாள்.

நான் உள்ளே எப்படிப் போனேன் என்று தெரியாது. கதவைத் தட்டினேனா என்பதுகூடத் தெரியாது.

"நான் தட்டலீங்க."

"என்னது?" என்றார் சிஸ்டர்.

"அக்கா மேல தப்பில்லீங்க. நான் தட்டவே இல்லீங்க சிஸ்டர். அன்னிக்கு சொல்லாம உட்டுட்டனுங்க."

"ஏன் தட்டல?"

"அவுங்க மேல கை படுமேன்னுங்க."

ஜெயகுமாரி அக்கா சுவரைவிட்டு முன்னால் வந்தாள். "அடி லூசு! என் சட்டயப் புடிச்சு இழுத்தியே, அது யாரு கை?"

"அது சார் சொன்னாருங்க."

அவளுக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டாள். ரைட்டர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ யாரு ஊட்டுப் புள்ள?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "முத்தாயி மகளுங்க. ரெண்டாவது லைன். பேரு அத்தாயிங்க."

அவர் தலையை ஆட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. குடையைப் பார்த்தார். சிஸ்டர் என்னை வெளியே போகச் சொன்னார். படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன்.

ஆகஸ்ட் 10. திங்கள்

காலையில் ரைட்டர் அம்மாவின் பெயரைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

ஜெயகுமாரி அக்காவுக்கு டி.சி. இல்லை என்றாகிவிட்டது. என்னை ஹாலிலிருந்து சமையற்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். "அனுமதியில்லாம மெத்தையில ஏறினதுக்கு. பொய்க்கு இல்ல, அதை நீயே சரிபண்ணிட்ட" என்றார் சிஸ்டர்.

ஆகஸ்ட் 11. செவ்வாய்

இன்றும் கூப்பிடவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை.

ஆகஸ்ட் 12. புதன்

கூப்பிட்டார். கடைசிப் பெயராக. "ஒம் புள்ள எத்தன வருசம் படிச்சுது?" என்று மட்டும் கேட்டாராம். "ஏழுங்க" என்றாளாம் அம்மா. வேறொன்றும் இல்லை. அதை அம்மா நான்கு தடவை சொல்லிவிட்டாள். ஏன் கேட்டார் என்று இருவருக்கும் புரியவில்லை, இருவருக்கும் பயம்.

ஆகஸ்ட் 15. சனி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் செல்வராஜ் சார் வந்தார். போட்டி முடியும்வரை நடத்தலாம், சிஸ்டர் பக்கத்தில் நிற்பார், கழுத்துப் பிடி கூடாது. அப்படி எழுதிச் சாரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். குள்ள வாத்தியாரின் வித்தையிலிருந்து இந்த ஹாலில் இன்னொன்றும் கழிந்துவிட்டது.

நான் சமையற்கட்டில் சௌசௌ அரிந்துகொண்டிருந்தேன். ஹாலிலிருந்து தொம் தொம் என்று விழும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் என் தோள் சிலிர்த்தது.

வெள்ளைச் சட்டையும் வியர்வையுமாக ஜெயகுமாரி அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"ஏ அத்தாயி. அந்தச் சின்னதுங்களத் தூக்கிப் போட்டா எனக்கே பாவமா இருக்குது. சிஸ்டர் பத்து நிமிசம் குடுத்திருக்காங்க. வரியா?"

வா என்று சொல்லவில்லை. வரியா என்றாள். இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன், சமையல்காரம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

அரிந்ததைத் தட்டால் மூடினேன். "ஏனுங்கம்மா, நான் போய்ட்டு வர்றனுங்க" என்று அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனேன்.