விரலால் உள்ளே போன போல்ட்டு

ஜூன் 11, 2024

ஹுதைபா நானா இன்றும் வந்துவிட்டார். கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருப்பவனுக்கு இப்படி ஒருவர் போதும், இருக்கிற முடியும் கொட்டிப்போகும். அலவத்துகொடயில் துணிக்கடைக்காரர். முப்பதாம் தேதி மகள் பாயிஸாவுக்குக் கல்யாணம். தன் வாப்பா ஓட்டிய 1936 ஆஸ்டின் காரில்தான் மகளைத் திகனவுக்கு அனுப்புவாராம். "பாஸ், முப்பதாந் தேதி காலயில வாகனம் வாசல்ல நிக்கோணும்." நிற்கும், நிற்கும். அடிச்சட்டமான சேஸியில் துருவேறிய ரிவெட் இருபத்திரண்டு. எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுப் போல்ட்டுப் போட வேண்டும். காரின் மேல்கூட்டை, அதாவது பொடியை, அதற்குப் பிறகுதான் ஏற்றலாம்.

ஜூன் 14

பதினெட்டு முடிந்தது. ஒவ்வொரு ஓட்டையையும் ரீமரால் அளவாகத் தேய்த்து, போல்ட்டைச் சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் சட்டம் ஆட ஆரம்பித்துவிடும். ஊருக்கெல்லாம் நான் சொல்வது இது.

நாலு மணிக்கு ரீமர் முறிந்தது. கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமையாம். மிச்சம் நாலு, பின் குறுக்குச் சட்டத்தில்.

ஜூன் 15

போட்டுவிட்டேன்.

ஜூன் 16

நாலு ஓட்டையையும் ட்ரில்லால் அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினேன். போல்ட்டு விரலாலேயே உள்ளே போனது. சுத்தியலைத் தொடவே இல்லை. நட்டை நன்றாக இறுக்கினால் பிடிக்காதா? பிடிக்கும். நட்டு திரும்பினால் தெரியட்டும் என்று, வழக்கம்போல நட்டுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே மஞ்சள் கோடு போட்டேன். எத்தனை பேர் இப்படிச் செய்கிறார்கள்! நான் ஒருத்தன்தானா?

ஜூன் 25

பொடி ஏற்றி, நாலு பேரை உட்காரவைத்து ஓட்டினேன். பள்ளத்தில் விழும்போதெல்லாம் பின்னால் டக் என்றது. ஹுதைபா நானா பக்கத்தில். "என்ன பாஸ் சத்தம்?" "ஸ்பிரிங் புஷ், நானா. புதுசு, ஓட ஓட சரியாயிரும்." வாய் கூசாமல் வந்தது.

அவர் போனதும் அடியில் படுத்துப் பார்த்தேன். மஞ்சள் கோடு நாலும் அசையவில்லை. அப்பாடா என்று இருந்தது. பிறகுதான் கண்ணில் பட்டது: போல்ட்டுத் தலையைச் சுற்றிப் பெயின்ட் வட்டமாக வெடித்திருக்கிறது. நட்டு திரும்பவில்லை. சட்டமே ஆடுகிறது. ஐயோ, என்னடா பண்ணி வெச்சிருக்க!

ஜூன் 27

"சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீங்க. என்னன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி கலாராணி. சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "போன எடுத்து அவருக்குச் சொல்லுங்க" என்றாள். எடுக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக எடுத்த நல்ல பேர் போய்விடும். ஒரே ஒரு நாள், முப்பது கிலோமீட்டருக்குள். தாங்காதா? தாங்கிவிடும். தாங்காவிட்டால்?

ஜூன் 28

போனில் சொல்லிவிட்டேன். ஹுதைபா நானா நேரிலேயே வந்துவிட்டார். பொடியை இறக்கிச் சரிசெய்ய நாளும் இல்லை, ரீமரும் வரவில்லை.

"ஸ்பிரிங் எண்டு செல்லினீங்களே, பாஸ்."

"பொய் சொன்னேன், நானா."

"என்ட புள்ளய இதுல ஏத்த இருந்தேனே..." திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 30

பாயிஸா வாடகைக் காரில் போனாளாம். எனக்கும் அழைப்பு இருந்தது. எந்த முகத்தோடு போவது?

ஜூலை 11

ரீமர் வந்து, ஓட்டைகளை அடுத்த அளவுக்குத் தேய்த்தாயிற்று. தடித்த போல்ட்டு நாலையும் தட்டி இறக்கினேன். ஹுதைபா நானா கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொரு அடியையும் பார்த்தார். முடிந்ததும் சொன்னார்: "திங்கக்கெழம எறக்கத்துல ஓடிப் பாப்பம். என்ட மகள் ஏறிப்போக இருந்த சீட்டுல உங்கட மனிசி இருக்கோணும்."

மனுசன் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவர் மகளை ஏற்றத் துணிந்தவன் நான்தானே.

ஜூலை 15

கலாராணியிடம் எப்படிக் கேட்பது என்று மூன்று நாள் தவித்தேன். இன்று காலையில் கேட்டதும் சேலையை மாற்றிக்கொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள். "ஓட்டுங்க."

கலகெதர இறக்கம், மழைத் தூறல். ஹுதைபா நானாவும் மனைவி கைரியாவும் வேனில் பின்னால் வந்தார்கள். என் காதெல்லாம் பின் சட்டத்தில்தான். பள்ளம், திருப்பம், மறுபடி பள்ளம். ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது வளைவில் வேன் ஹோர்ன் அடித்தது. ஓரங்கட்டி நிறுத்தினேன்.

கைரியாதான் இறங்கி வந்தார். பின் கதவைத் திறந்து, "கொஞ்சம் தள்ளி இரிங்க தங்கச்சி, நீங்க மட்டும் தனியா போகத் தேவல்ல" என்று கலாராணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஹுதைபா நானா வேனை விட்டு இறங்கவில்லை. நான் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினேன்.