ஜெப ஆலய மண்ணில் மரவள்ளி

1979 ஏப்ரல் 3, செவ்வாய்

பள்ளிக்குப் பதினோரு பிள்ளைகள்தான் வந்தார்கள். அதிபர் அமீனை எதிர்க்கும் சண்டை எங்கள் ம்பாலே பக்கம் வருகிறதா இல்லையா என்று வானொலி சொல்வதில்லை. சொல்லாததிலிருந்தே தெரிகிறது.

தலைமை ஆசிரியை இரண்டு முறை “கிரேஸ் டீச்சர்” என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன். ஏழு வருடமாயிற்று. இன்னும் அந்தப் பெயர் எனக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. ஞானஸ்நானச் சீட்டு இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார்கள், வாங்கினேன். கெதுரா என்று என்னைக் கூப்பிட வீட்டில் என் கணவர் எலியாபு மட்டும். அவரும் அதிகம் கூப்பிடுவதில்லை.

மாலையில் மழை. எலியாபு அவரை விதை ஊன்றிவிட்டு வந்தார். வலது கையில் மடங்காத இரண்டு விரல்களுக்கும் நடுவே மண். எங்கள் யூத மதத்தை அமீன் தடை செய்த பிறகும் வேதமான தோராவைச் சத்தமாகப் படித்ததற்காக, நான்கு நாள் சிறையில் வைத்து ஒடித்து அனுப்பிய கை அது.

ஏப்ரல் 12, வியாழன்

பண்டிகை நாளில் எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

அமீன் ஓடிவிட்டான். நேற்று சாயங்காலம் வானொலியில் வேறு யாரோ பேசினார்கள். எங்கள் விடுதலைப் பண்டிகையான பாஸ்காவின் முதல் இரவு. எப்போதும்போலக் கதவைச் சாத்திக்கொண்டு, புளிக்காத ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எலியாபு எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தார். பிறகு பாடினார் – முழுக் குரலில். சாலையில் இன்னும் அவன் சிப்பாய்கள் லாரி லாரியாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கூடப் பாட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. பயமா? பயம் மட்டும்தானா?

ஏப்ரல் 15, ஞாயிறு

நேற்று ஓய்வுநாள். எங்கள் சபைப் பெரியவர் செஃபானியா மாமா வீட்டு மாமரத்தடியில் வெளிப்படையாகக் கூடினோம். பதினேழு பேர். முன்பு இருநூறு.

மாமரத்துக்கு எதிரே, பாதைக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் ஜெப ஆலயம் இருந்தது. எங்கள் பாட்டன்மார் மண் குழைத்து 1936இல் எழுப்பியது. எழுபத்திரண்டில் பூட்டச் சொன்னார்கள். கூரைத் தகரம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. இரண்டு மழைக்காலத்தில் சுவர் கரைந்தது. இப்போது அங்கே மரவள்ளி நிற்கிறது, ஆள் உயரத்துக்கு. நட்டது என் அண்ணன் ஏனோக்கா. ஐந்து வருடத்துக்கு முன் ஜைத்தூனைக் கட்டிக்கொண்டு, முஸ்லிமாகி, பெயரையும் எதிரிசா என்று மாற்றிக்கொண்டவன். அவன் வீடும் அந்த வேலியோரம்தான்.

எல்லாரும் மரவள்ளிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் முதுகு எரிந்துகொண்டே இருந்தது.

ஏப்ரல் 16, திங்கள்

அண்ணன் வந்தான். ஐந்து வருடத்தில் முதல் முறை எங்கள் வாசலுக்கு.

“மச்சான், நெலத்தப் பத்தி ஊர்ல ஏதேதோ பேசறாங்க. ஒரு சார்ஜன்ட் அத எழுதி வாங்கப் பார்த்தான். நான் முந்திக்கிட்டு வேலி போட்டேன். இத்தன வருசமும் காவல் காத்தேன்.”

எலியாபு தலையைத் தூக்கவில்லை. “காவலா? கெழங்கு வித்துத் தின்ன காவக்காரன இப்பத்தான் பாக்குறேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

கூட்டம். ஆலயத்தைத் திரும்பக் கட்ட வேண்டும், நிலத்தைக் கேட்க வேண்டும் என்று பேச்சு. எலியாபு எழுந்தார்.

“மொதல்ல ஒண்ணு முடிவாகணும். மாறிப் போனவங்க உள்ள வந்து உக்காரக் கூடாது. வெளிய நிக்கட்டும்.”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்தார்களே, அதுதான் தாங்கவில்லை.

செஃபானியா மாமா பேச்சை மாற்றினார். நைரோபி ஜெப ஆலயத்துக்குக் கடிதம் எழுதிப் புத்தகமும் தோராச் சுருளும் கேட்கப் போகிறார்களாம். “நம்ம ஆலயத்து வரலாறு கூடவே போகணும். கெதுரா, நீதான் எழுதத் தெரிஞ்சவ. யார் கட்டினது, எப்படி மூடினாங்க, கடைசிவரைக்கும் யார் யார் நெலச்சு நின்னாங்க – எல்லாம் எழுதிக் குடும்மா.”

சரி மாமா என்றேன். என் வாய்தானா அது?

ஏப்ரல் 24, செவ்வாய்

கட்டியவர்கள் பெயர் எழுதினேன். சுலபம். கூரை வேய்ந்த நாளில் ஒரே மாட்டை எல்லாருக்கும் பங்கிட்டது, முதல் கல்யாணம் – அதுவும் சுலபம். நிலைத்து நின்றவர்கள் பட்டியல்: இருபத்து மூன்று பெயர். எலியாபு வாங்கிப் பார்த்தார்.

“ஒம் பேர விட்டுட்டியே.”

“நீங்கதானே கூட்டத்துல விட்டீங்க.”

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

ஏப்ரல் 25

எழுதவில்லை.

ஏப்ரல் 29, ஞாயிறு

அமீனை விரட்டிய விடுதலைப் படை ம்பாலே வந்துவிட்டது. நகரத்துக்குப் போய் வந்தவர்கள் கதை கதையாகச் சொல்கிறார்கள். முஸ்லிம் கடையென்றால் கதவைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போகிறார்களாம். ஒரு தையல்காரரை அடித்தே கொன்றிருக்கிறார்கள். அவர் அமீனுக்கு என்ன செய்தார்? ஒன்றுமில்லை, இருவருக்கும் ஒரே மதம், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு மூன்று குழந்தைகள்.

எலியாபுவிடம் சொன்னேன். “அவனாத் தேடிக்கிட்டது” என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “நானுந்தான் தேடிக்கிட்டேன்! ஒங்க கை ஒடிஞ்சு கெடந்தப்ப இந்த வீட்டுக்கு மாவு கொண்டாந்தது யாரு? கெதுராவா? கிரேஸ் டீச்சருங்க! ருசியாத்தானே இருந்துச்சு அப்ப?” என்று கத்தினேன். கத்திவிட்டேன். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு –

அவர் சாப்பிடாமல் படுத்தார். நானும்தான்.

மே 6, ஞாயிறு

நேற்று ஓய்வுநாளானதால் எழுதவில்லை. மறப்பதற்குள் எழுத வேண்டும். மறக்குமா என்ன.

காலைத் தொழுகை பாதியில் இருந்தது. எலியாபு வாசித்துக்கொண்டிருந்தார். கடைத்தெருப் பக்கமிருந்து சத்தம். முப்பது பேருக்கு மேல், வெட்டுக்கத்தியோடு. முன்னால் சைக்கிள் ரிப்பேர் செய்யும் முகிதே, கையில் மண்ணெண்ணெய் டின். நேராக அண்ணன் வேலிக்குப் போனார்கள். அண்ணன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். உள்ளே ஜைத்தூன் குழந்தைகளை அடக்குவது கேட்டது.

எலியாபு புத்தகத்தை மூடி மாமா கையில் கொடுத்தார். தோளில் போர்த்திய தொழுகைத் துணியோடு பாதையைக் கடந்தார். பின்னாலேயே ஓடினேன். போய் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

“எலியாபு அய்யா, நீங்க ஒதுங்குங்க” என்றான் முகிதே. “ஒங்க கைய ஒடிச்ச கூட்டம் இது.”

“கைய ஒடிச்சவன் பேரு எனக்குத் தெரியும். இவன் இல்ல.”

“அமீன் ஆளு! ஒங்க சாமி நெலத்தையே புடுங்கித் தின்னவன். நீங்களே சொல்லியிருக்கீங்க.”

உண்மைதான், சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் பாதிப் பேர் அங்கேயே நின்றார்கள். எலியாபு மரவள்ளியைப் பார்த்தார். அண்ணனைப் பார்க்கவேயில்லை.

“அது வெளிய சொல்லிக்கிறதுக்கு” என்றார். “நெலம் வேத்தாள் கைக்குப் போயிடக் கூடாதுன்னு நாங்கதான் இவன வேலி போடச் சொன்னோம். அந்தக் காலத்துல இத வாய் விட்டுச் சொல்ல முடியுமா? இவன் எங்க ஆளு.”

“பேர மாத்திக்கிட்டானே?”

“நாங்க சொல்லித்தான் மாத்தினான்.”

செஃபானியா மாமா வாயைப் பிளந்துகொண்டு நின்றவர், சட்டென்று, “ஆமாப்பா, நாந்தான் சொன்னேன்” என்றார். அதற்குள் மற்றவர்களும் பாதையைக் கடந்து வந்து வேலியோரம் வரிசையாக நின்றுவிட்டார்கள், கிழவிகள் உட்பட.

“அப்ப கெழங்கு?” என்று பின்னாலிருந்து ஒருவன்.

“பாதி எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு” என்றார் எலியாபு. “தின்னு தின்னு அலுத்துப் போச்சு.”

ஒரு துண்டுகூட எங்கள் வீட்டுப் படியேறியதில்லை. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் கூட்டம் உடைந்தது. வேலியில் சாய்த்திருந்த அண்ணனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். முகிதே மட்டும் நின்றான். “அமீன் ஆளுங்க என் தம்பியக் கொண்டு போனாங்களே, அவன் வரவேயில்லையே” என்றான், யாரிடமென்று இல்லாமல். ஜைத்தூன் வெளியே வந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் போய்விட்டான்.

எலியாபு திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தைதான். “ஓய்வுநாளும் அதுவுமா இத்தன பொய்.”

மே 8, செவ்வாய்

அண்ணன் பின்வாசல் வழியாக வந்தான். எலியாபு தோட்டத்தில் இருந்தார்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். காவலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த மண்ணு நல்ல மண்ணு. கேக்க ஆளில்லன்னு தெரியும். நட்டேன்.”

“சார்ஜன்ட்?”

“அப்படி ஒருத்தனும் வரல.” முகத்தைத் துடைத்துக்கொண்டான். “மச்சான்கிட்டச் சொல்லிடாத.” படி இறங்கியவன் திரும்பி வந்தான். “இல்ல, சொல்லிடு. என்னால சொல்ல முடியாது.”

சாப்பிடும்போது சொன்னேன். எலியாபு களியை உருட்டிக்கொண்டே, “தெரியும்” என்றார்.

“தெரிஞ்சுமா சொன்னீங்க?”

“தெரியாமச் சொல்லியிருந்தா அது எப்படிப் பொய்யாகும்?”

இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா? விடிய விடியப் புரண்டேன்.

மே 27, ஞாயிறு

வரலாறு அப்படியே கிடக்கிறது. மூன்று முறை கிழித்துப் போட்டேன். காவல் காத்தான் என்று எழுதினால் பொய். திருடினான் என்று எழுதினால் அது ஊருக்குள் வந்து முகிதே காதில் விழாதா? மாமாவைக் கேட்டேன். “நைரோபிக்காரங்களுக்கு மரவள்ளி எதுக்கும்மா?” என்கிறார். மரவள்ளியை விட்டுவிட்டால் ஏழு வருடத்தை விட வேண்டும். ஏழு வருடத்தை விட்டால் என்னையும்.

ஜூன் 10, ஞாயிறு

காலையிலேயே ஜைத்தூன் குரல் பாதைவரை கேட்டது. போய்ப் பார்த்தால், அண்ணன் மரவள்ளியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறான். கிழங்கு இன்னும் விரல் பருமன்தான்.

“இன்னும் நாலு மாசம் பொறுத்தா என்ன?” என்று கத்துகிறாள் ஜைத்தூன். “இவங்க கடவுளு ஏழு வருசம் பொறுக்கல?”

“மச்சான் ஊரு முன்னால சொல்லிட்டான்டி. இப்ப நான் காவக்காரன். நெலத்துக்காரன் வந்தா ஒப்படைக்க வேணாமா?”

எலியாபு வந்து வேலிக்கு வெளியே நின்றார். பிறகு வேலியைத் தாண்டி இறங்கி, இடது கையால் ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அண்ணன் அந்தப் பக்கமிருந்து பிடித்தான்.

மத்தியானம் கூடை நிறையக் கிழங்கோடு வீட்டுக்கு வந்தார். “அவிச்சு வை. சொன்ன சொல்லு பொய்யாயிடக் கூடாது.” நிலக்கடலைக் குழம்போடு தின்றோம். நார் நாராக இருந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

ஜூன் 24, ஞாயிறு

எழுதிவிட்டேன். எல்லாம். கட்டியவர்கள், பூட்டியது, தகரம் போனது, மரவள்ளி. “ஏனோக்கா, இப்போது எதிரிசா, யாரையும் கேட்காமல் நட்டார். பிறகு முற்றாத பயிரைப் பிடுங்கி நிலத்தைக் கொடுத்தார்.” அண்ணனிடம் முன்பே படித்துக் காட்டினேன். “சரியாத்தான் இருக்கு. முகிதே கேட்டா நானே பதில் சொல்லிக்கிறேன்” என்றான்.

கடைசியாக என்னை எழுதினேன். சீட்டு வாங்கிய நாள், கொடுத்த பெயர்.

எலியாபுவுக்கு வாசித்தேன். என் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கிழிக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“இதையும் சேத்துக்கோ. அந்தச் சம்பளத்துல வாங்கின மாவுல சுட்ட ரொட்டிய எலியாபும் தின்னான். நெலச்சு நின்னதா பேரு வாங்கினவன்.”

சேர்த்தேன். அந்த வரி மட்டும் கோணலாக இருக்கிறது. நகல் எடுக்கவில்லை, அப்படியே அனுப்புகிறோம்.

ஜூலை 1, ஞாயிறு

கூட்டத்தில் எலியாபு எழுந்து, “உள்ள உக்காரக் கூடாதுன்னு சொன்னேனே, அத வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றார். உட்கார்ந்துவிட்டார். மாமா அண்ணனைக் கேட்டுப் பார்த்தார். “நான் எதிரிசாதான் மாமா. ஜைத்தூன் இருக்கா, புள்ளைங்க இருக்கு. சுவர் வைக்க வரேன், தொழ வரல” என்றானாம்.

நவம்பர் 18, ஞாயிறு

நைரோபியிலிருந்து இன்னும் பதில் இல்லை. சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. பள்ளிப் பதிவேட்டில் பெயரை மாற்றச் சொல்லிப் போன வாரம் கொடுத்த மனுவைத் தலைமை ஆசிரியை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள், “கெதுரா டீச்சர், ஆறாம் வகுப்புக்குப் போங்க” என்றார். உடனே திரும்பினேன்.

இன்று வேலை நின்றது. பழைய ஆலயத்தில் பெண்கள் வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று எலியாபுவுக்கும் அண்ணனுக்கும் சண்டை. “கெழக்க!” “மேக்க, மச்சான்! நீ என்னைக்கு அந்தப் பக்கம் வந்த?” “நீ மட்டும் பொம்பளைங்க வாசல்ல என்னடா பண்ணிக்கிட்டிருந்த?” மண் குழைத்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஜைத்தூன் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். வரலாறு எழுதியவள் சொல்லட்டுமாம்.

இருபது வருடம் அந்த வாசல் வழியாக நுழைந்தவள் நான். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். யோசிக்க வேண்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பாதை நெடுக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே, சேர்ந்து நடந்து போனார்கள்.