ஓடாத மெஷினுக்குப் பதினொரு கையெழுத்து

ஜெலுத்தோங், பினாங்கு
ஆகஸ்ட் 24, ஞாயிறு

அன்பு மகள் கிறிஸ்டலுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் டப்ளினில் வேளைக்குச் சாப்பிட்டு, இரவு வார்டு முடிந்து வந்து பகலில் நன்றாகத் தூங்குகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் அம்மா ஏன் காகிதத்தில் எழுதி அனுப்புகிறாள் என்று யோசிப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு எதுவும் சொல்ல வராது, நீ என்னம்மா என்று கேட்பதற்குள் நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். நவம்பரில் என் பட்டமளிப்புக்கு வரப் பதினான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்திருப்பதாகவும், அடுத்த மாதக் கடைசியில் டிக்கெட் எடுக்கப் போவதாகவும் சொன்னாய். எடுப்பதற்கு முன் இதை முழுவதும் படி. நவம்பரில் எனக்குப் பட்டமளிப்பு இல்லை. அதற்குக் காரணம் நான்தான்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இப்போது முதல் ஷிப்ட் பஸ், காலை மூன்றே முக்காலுக்கெல்லாம் கிளம்பிப் போய்த் தொழிலாளர்களை ஏற்றுகிறார், இரவு எட்டரைக்குக் கண் சொக்கிவிடும். நான் வேலை முடிந்து வீடு வர ஏழாகிறது. நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளக் கிடைக்கிற ஒன்றரை மணியில் பாதியை டிவி எடுத்துக்கொள்கிறது. பாசாரில் மீன்காரர் சுப்பையா அண்ணன், நான் வாயைத் திறக்குமுன் மூன்று கெம்போங் மீனை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, போதும்லா தங்கச்சி, திங்கிற ஆளுதான் வெளிநாட்டுல இருக்கே என்கிறார். தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு நான் வேண்டுமென்றே ஆறு மீன் வாங்கினேன், மூன்று இன்னும் ஐஸ் பெட்டியில் கிடக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனோம், உன் பெயருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். உன் அறையில்தான் என் புத்தகங்களை வைத்துப் படிக்கிறேன். உன் கட்டில் விரிப்பை மட்டும் மாற்றவில்லை.

இனி விஷயம். நம் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, அதுவும் நீ ஐந்தாம் படிவம் எழுதிய வருடத்தில் தொலைதூரக் கல்வியில் வாங்கியது. அதற்கு மேல் முதுகலை படி என்று என்னைத் துரத்திச் சேர்த்தவள் நீ. ஆராய்ச்சிக்காக இல்லாமல் நேராக வேலைக்குக் கொண்டுபோகிற அறிவியல் முதுகலை, சனிக்கிழமை வகுப்பு, தொழிற்சாலையில் இருக்கிற அதே கருவிகளில் பயிற்சி என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தார்கள். பாடங்களைக் குறை சொல்ல மாட்டேன். புள்ளியியல் எடுத்த அம்மையார், ஒரு எண்ணை நம்புவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள் என்பார், அவர் வகுப்புக்காகவே நான் சனிக்கிழமைக்குக் காத்திருந்ததுண்டு. ஆனால் எச்பிஎல்சி என்று ஒரு மெஷின், ஒரு கரைசலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்து அளந்து காட்டுவது, எங்கள் படிப்புக்கே அதுதான் நடுமையம், அது முதல் செமஸ்டரிலேயே பம்ப் கெட்டு நின்றுவிட்டது. பழைய மாணவர்கள் எடுத்த அளவுகளைப் பென்டிரைவில் கொடுத்து இதை வைத்து ரிப்போர்ட் எழுதுங்கள் என்றார்கள். எழுதினோம். எனக்கு ஏ கிடைத்தது. வெள்ளைக் கோட்டு போட்டு மெஷின் பக்கத்தில் நின்று உனக்கு ஒரு படம் அனுப்பினேனே, நீ அதை வார்டில் எல்லோருக்கும் காட்டினாயே, அன்றைக்கும் அது ஓடவில்லை.

படிப்புக்குப் பொறுப்பாளர் லோகேஸ்வரன், முப்பத்தைந்து வயது இருக்கும், கெட்டவர் இல்லை. மெஷினைச் சரிசெய்யச் சொல்லி மூன்று தடவை நிர்வாகத்துக்கு அவர் எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து தரம் பார்க்கும் குழு வருகிறது, அவர்கள் சரி என்றால்தான் இந்தப் பட்டத்துக்கு மதிப்பு என்று சொல்லி, அவர்களிடம் பேச ஐந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார். அதில் என் பெயரும் இருந்தது. நானா என்று கேட்டேன். நீங்கதான் அக்கா கரெக்ட், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்வீங்க, வளவளன்னு பேச மாட்டீங்க என்றார். அப்போது அது எனக்குப் பாராட்டாகத்தான் இருந்தது.

குழு வருவதற்கு முந்தைய சனிக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லோரும் சாப்பிடக் கிளம்புகிற நேரத்தில் லாக் புக் கைமாறி வந்தது. மெஷினை யார் தொட்டாலும் தேதியும் மாதிரி எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய புத்தகம் அது. தேதிகளை யாரோ முன்னாடியே நிரப்பி வைத்திருந்தார்கள். என் பெயருக்கு நேராகப் பதினொன்று. எனக்குப் பின்னால் நஸீஹா நின்றாள். சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருப்பவரின் மகள், உன்னைவிட ஒரு வயது மூத்தவள், அந்த வகுப்பில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளி. அக்கா சீக்கிரம் போடுங்கலா, கடையில கோழி முடிஞ்சிட்டா அப்புறம் வெறும் குழம்புதான் என்று முதுகில் தட்டினாள். சிரித்துக்கொண்டே பதினொன்றையும் போட்டேன். பாயான் லெப்பாஸில் எங்கள் ஃபேக்டரியில் ஐந்து வருடமாக இதே மாதிரி மெஷினை ஓட்டுகிறவள் நான், அங்கே ஓட்டாத நாளுக்குக் கையெழுத்துப் போட்டால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது தெரிந்தும், பின்னால் ஆள் நிற்கிறார்களே என்ற கூச்சத்தில் போட்டேன். அன்றைக்கு அந்தக் கடையின் நாசி கண்டார் சோற்றையும் நன்றாகவே சாப்பிட்டேன். நீ போன வருடம் ஒருத்தி மருந்து கொடுக்காமலே சார்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று அழுதுகொண்டு போன் பண்ணினாயே, வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அதுதான் நினைவுக்கு வந்தது.

குழுவில் மூன்று பேர். அதில் ஒரு அம்மையார், என் வயதுதான் இருக்கும். மெஷின் வேலை செய்கிறதா என்று அவர் கேட்டிருந்தால் ஐந்து பேரும் தலையாட்டியிருப்போம். அவர் மலாயில் மெதுவாக, நீங்கள் ஓட்டும்போது பம்ப்பின் அழுத்தம் வழக்கமாக எவ்வளவு காட்டும் என்று கேட்டார். ஐந்தில் ஒருத்தியான நஸீஹா, நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். எனக்குத்தான் தெரியுமே. நூற்று இருபது, நூற்று ஐம்பதைத் தாண்டினால் எங்கோ அடைப்பு என்றேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம், உடனே எழுதத் தொடங்கினார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் எழுதுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் கிறிஸ்டல். நான் சொன்ன எண்ணில் பொய் இல்லை, அவர் காகிதத்தில் அது பொய்யாக ஏறிக்கொண்டிருந்தது. அது எங்கள் ஃபேக்டரி மெஷினின் அழுத்தம், இங்கே உள்ளதை நான் ஒரு நாளும் ஓட்டியதில்லை, லாக் புக்கில் என் கையெழுத்துப் பதினொன்றும் போன சனிக்கிழமை ஒரே நேரத்தில் போட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். மற்றவர்களுடையது எப்படி என்று கேட்டார். என்னுடையதை மட்டும்தான் சொல்ல முடியும் என்றேன்.

இந்த மாதம் முடிவு வந்தது. படிப்பை மூடவில்லை. மெஷினைச் சரிசெய்து, எங்கள் வகுப்பு முழுவதும் ஆய்வுக்கூடப் பாடத்தை முதலிலிருந்து கையால் செய்து முடிக்க வேண்டும், அதுவரை யாருக்கும் பட்டம் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். ஆகவே அடுத்த வருடம்தான். மூணு லெட்டருக்கு அசையாதவங்க இப்ப ஒரே வாரத்துல பம்ப்புக்கு ஆர்டர் போட்டுட்டாங்க அக்கா என்று லோகேஸ்வரன் சொன்னார். அவர் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வேலைக்கான படிப்பு என்று பெயர் வைத்தால், வேலையில் தொடப்போவதை அங்கே ஒரு தடவையாவது தொட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் சரியென்று தோன்றுவது துணைக்கு வந்து உட்காருவதில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழு அப்படியேதான் இருக்கிறது, யாரும் விலகவில்லை, ஒன்பதாம் தேதியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. அவர்கள் வேறு குழு திறந்துவிட்டார்கள் என்று எனக்குப் புரியவே மூன்று நாளானது.

நஸீஹாவுக்குக் கூலிம் ஊரில் ஒரு வேலை உறுதியாகியிருந்தது, பட்டச் சான்றிதழ் வந்ததும் சேர வேண்டும். கம்பெனிக்காரர்கள் அடுத்த வருடம்வரை காத்திருக்க முடியாது என்றுவிட்டார்களாம். மன்னிப்புக் கேட்க அவர்கள் கடைக்குப் போனேன். அவள் அப்பா ஹைதர் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார், மேலே இருந்த அவள் இறங்கி வரவில்லை. டீ ஆறும்வரை இருந்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அவளிடமிருந்து ஒரே ஒரு செய்தி. அக்கா உங்களுக்கு வேலை இருக்கு, நீங்க உண்மை பேசுறது ஈசி. அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் சூப்பர்வைசரிடம் அவளைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன், அவளுக்கு அது தெரியாது, நடக்குமா என்றும் தெரியாது.

அப்பாவிடம் சொன்னபோது முதலில் சிரித்துவிட்டார். கல்யாணம் கட்டி இருபத்து நாலு வருஷமா எங்கிட்ட பேசாத பேச்சயெல்லாம் சேத்து வச்சி அங்க போயி பேசிட்டியாலா என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மோட்டர் சைக்கிளில் கொண்டுபோய் என்னைக் கல்லூரியில் இறக்கினார். வகுப்பில் என் இரு பக்க நாற்காலியும் காலியாகத்தான் இருந்தது. முடிந்து வெளியே வந்தால் எதிர்க்கடையிலேயே உட்கார்ந்து பால் இல்லாத கோப்பி ஓ குடித்துக்கொண்டிருக்கிறார். நாலாவது கிளாஸ் என்று கடைக்காரர் என்னிடம் புகார் சொன்னார்.

இந்தக் கடிதத்தை எழுத உட்காரும்போது, லீவை அடுத்த வருடத்துக்கு மாற்றிக்கொள் என்று சொல்வதற்காகத்தான் உட்கார்ந்தேன். அதுதான் நியாயம், உனக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் அவ்வளவு நாள் கிடைக்கும். நீ போய் இரண்டு வருடமாக, தனியாக இருக்கிறதாம்மா என்று நீ கேட்கும்போதெல்லாம் பழகிவிட்டது என்று சொல்லி வந்திருக்கிறேன். பழகவில்லை. நவம்பரில் வந்தால் அங்கியும் இல்லை, தொப்பியும் இல்லை, போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை, நான் வேலைக்குப் போய் ஏழு மணிக்குத்தான் வருவேன். அப்படியிருந்தும் வா. இதை நான் இதுவரை யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், உன் கையால் மருந்து வாங்குகிறவர்களும் சுகமாகட்டும். இதோடு அனுப்பும் பொட்டலத்தில் ஜாதிக்காய்த் தைலம் இரண்டு சீசா இருக்கிறது, ஒன்று உன் அறைத்தோழிக்கு. ஞாயிறு பூசையை விடாதே, குளிரில் காதை மூடிக்கொண்டு நட. வரமுடியாது என்றால் அதையும் மழுப்பாமல் சொல், எனக்குத் தாங்கும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
தெரேசா