ஒரு மின்மானிக்கு மூன்று கம்பனிகள்

அனுப்புநர்:
அ. ஜேசுரட்ணம்,
பார்மென், வுப்பர்டால்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
நுகர்வோர் ஆலோசனை அலுவலகம்,
வுப்பர்டால்.

விடயம்: 21.11.2007 அன்று எமது வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும் என்று வந்த கடிதமும், எங்கள் மின் கம்பனி எதுவென்று எங்களுக்கே தெரியாமையும்.

மதிப்புக்குரிய ஐயா,

தாய்மொழியில் எழுதினாலும் மொழிபெயர்த்துப் பார்ப்பீர்கள் என்று எங்கள் தேவாலய மண்டபத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலை நம்பி இம்மனுவை எழுதுகிறேன்.

1. பதினாறு வருடமாக ஒரே கம்பனிக்குத்தான் காசு கட்டினேன். யாரும் எந்தக் கம்பனியிலும் மின்சாரம் வாங்கலாம், போட்டியால் விலை குறையும் என்று சட்டம் வந்து ஒன்பது வருடமாம். எனது மின்கட்டணப் பட்டியலிலோ வருடாவருடம் விலை ஏறியதே தவிர இறங்கியதை நான் காணவில்லை.

2. கடந்த மார்ச் மாதம் எனது மகளின் ஞானத்தந்தை சூசைதாசன் ஒரு புதிய கம்பனியின் படிவத்தோடு வந்தார். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை, கறண்ட் அதே கறண்ட்தான், பேர் மட்டும்தான் மாறும்" என்றார். ஒரு வருடக் காசு 612 யூரோவை முன்கூட்டியே கட்டிக் கையெழுத்திட்டேன்.

3. மூன்று கிழமை கழித்து, நான் வேலைக்குப் போயிருந்த நேரம், மனைவி மக்டலீனின் ஒன்றுவிட்ட அக்கா யோகம் இன்னொரு கம்பனியின் படிவத்தோடு வந்திருக்கிறார். சூசைதாசனுக்கு வைத்த கையெழுத்தை அக்காவுக்கு வைக்காவிட்டால் மனவருத்தம் வரும் என்று மக்டலீனும் கையெழுத்திட்டுவிட்டார். வீடு தேடி வந்து தேநீர் குடிக்கும் உறவினரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை, ஐயா. இது ஜெர்மன் சட்டத்தில் எந்தப் பிரிவில் வரும் என்று எனக்குத் தெரியாது.

4. ஒரே மின்மானியை இரண்டு கம்பனிகள் கேட்டதால் இரண்டு மாற்றமும் நிராகரிக்கப்பட்டதாக இப்போது பழைய கம்பனிக்காரர் தொலைபேசியில் சொல்கிறார்கள். அப்படியானால் இரு கம்பனியும் "நல்வரவு" என்று கடிதம் அனுப்பியது ஏன்? எனது 612 யூரோ எங்கே? சூசைதாசன் கொண்டுவந்த கம்பனி "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் சொல்கிறது.

5. இத்தனை மாதமும் பழைய கம்பனியின் மின்சாரத்தில்தான் இருந்திருக்கிறோம். அவர்களிடமிருந்து வந்த கடிதங்களை, எங்களைப் போகவிட மனமில்லாமல் எழுதுகிறார்கள் என்று நினைத்துப் பிரிக்காமலே மேசை லாச்சிக்குள் போட்டது என் பிழைதான். ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பாக்கி 487 யூரோ. அதற்காகத்தான் துண்டிக்கப் போகிறார்கள். மூன்று கம்பனிக்கும் ஒரே வயரில்தான் மின்சாரம் வருகிறதாம். அப்படியென்றால் யாரிடமிருந்து வாங்குகிறேன், யாரிடமிருந்து விலகினேன்? எனக்குத் தலை சுற்றுகிறது.

6. மக்டலீனுக்குச் சுவாசப்பை நோய். நாளொன்றுக்குப் பதினாறு மணித்தியாலம் ஒட்சிசன் மெஷினில் இருக்க வேண்டும் என்பது வைத்தியர் உத்தரவு (சான்றிதழ் இணைப்பில்). கடந்த செவ்வாய்க்கிழமை மெஷினைப் பரிசோதிக்க வந்தவர், அது நாளுக்கு ஒன்பது மணித்தியாலந்தான் ஓடியிருப்பதாக அதன் மணிக்கணக்கைக் காட்டினார். மெஷின் பழுது என்று அவரோடு நான் சண்டைக்கே போனேன். அவர் போன பிறகு மக்டலீன் சொன்னார்: "நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு நான்தான் நிப்பாட்டிறனான். நான் வைச்ச கையெழுத்தாலதானே இவ்வளவு பில்லும். கொஞ்சமாவது குறையட்டும்."

அவருடைய உதடு நீலம் பாரித்திருந்ததைக் குளிர் என்று நினைத்திருந்தேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆகவே ஐயா, துண்டிப்பை நிறுத்தி, எனது கம்பனி எதுவென்று தீர்மானித்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்கிறேன். பாக்கியை மாதம் ஐம்பது யூரோவாகக் கட்டுவேன். சூசைதாசன் மீதும் யோகம் அக்கா மீதும் எனக்கு முறைப்பாடு இல்லை.

இவற்றுக்கு நாள் எடுக்குமானால், வேறொன்றை முதலில் செய்து தாருங்கள். மெஷினை நிறுத்தக்கூடாது என்று மக்டலீன் பெயருக்கு ஒரு வரி எழுதி, முத்திரை குத்தி அனுப்புங்கள். நான் சொன்னால் அவர் கேட்கிறார் இல்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு நான் வேலைக்குப் போகவேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அ. ஜேசுரட்ணம் (ஒப்பம்)

இடம்: வுப்பர்டால்
திகதி: 08.11.2007